எரருக்கும் 200தான்

ரெண்டு நாள் போச்சு. கடைசியில பார்த்தா சர்வர்ல ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்துச்சு.

ஆபீஸ்ல ஒரு ரிப்போர்ட் டூல். ரஸ்ட்ங்கிற மொழியில எழுதி, வாஸமா (வெப்அசெம்ப்ளி, பிரவுசர் ஓட்டுற பைனரி வடிவம்) கம்பைல் பண்ணி பிரவுசர்ல ஓட்டுறோம். பின்னாடி சர்வீஸ் எல்லாம் ஜிஆர்பிசி, அதாவது ஒரு புரோகிராம் இன்னொரு மெஷின்ல இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுற முறை. ரெண்டு பக்கமும் ரஸ்ட், கால்களையும் டேட்டா வடிவத்தையும் விவரிக்கிற ஒரே புரோட்டோ ஃபைல், இதுல என்ன சிக்கல் வந்துடப்போகுதுன்னு இறங்கிட்டேன்.

பிரவுசருக்குள்ள வாஸமுக்குன்னு தனியா சாக்கெட் கிடையாதுங்க. எந்த மொழியில எழுதினாலும் வெளிய பேசணும்னா ஜாவாஸ்கிரிப்ட் வழியா ஃபெட்ச் மாதிரி பிரவுசர் தர்ற வசதிகள் கிட்டத்தான் போகணும். ஜிஆர்பிசியோ, கால் ஜெயிச்சுதா தோத்துதாங்கிற ஸ்டேட்டஸை எச்டிடிபி/2 பதிலோட வால்ல, ட்ரெய்லர்ல அனுப்பும். அந்த ட்ரெய்லரை ஃபெட்ச் நம்ம கையில கொடுக்காது. அதுக்குத்தான் ஜிஆர்பிசி-வெப். ட்ரெய்லரை பாடியோட கடைசியில இன்னொரு ஃப்ரேமா ஒட்டிவிட்டுடும். ஒவ்வொரு ஃப்ரேம் முன்னாடியும் 5 பைட். முதல் பைட் 128ன்னா வர்றது டேட்டா இல்ல, ட்ரெய்லர். ஒட்டுவேலைதான், ஆனா ஓடுது.

டேட்டா ஒழுங்கா வந்துச்சு. எரர் வரவேண்டிய ஒரு கால்ல மட்டும் 'ஸ்டேட்டஸ் காணோம்'னு கிளையண்ட் புலம்பல். பிரவுசரோட நெட்வொர்க் டேப்ல 200, அதாவது எச்டிடிபி கணக்குல எல்லாம் சரி. ஹெடர்ல ஜிஆர்பிசி-ஸ்டேட்டஸ் 7 ஜம்முனு உட்கார்ந்திருக்கு. என் கண்ணுக்குத் தெரியுது, என் கோடுக்குத் தெரியலை! பாடியே இல்லாத எரர்னா ஸ்டேட்டஸ் ஹெடர்லயே வந்துடும். பேஜ் ஒரு டொமைன், ஏபிஐ வேற டொமைன். இந்த ஹெடரைக் காட்டலாம்னு சர்வர் கார்ஸ்ல (வேற டொமைன் பேஜுக்கு எதைக் காட்டலாம்கிற விதிகள்ல) சொல்லலைன்னா பிரவுசர் மறைச்சுடும். நான் சொல்லலை, விட்டுப்போன அந்த ஒரு வரி இதுதான். 7ன்னா அனுமதி இல்லைன்னு அர்த்தம். டெஸ்ட் யூசருக்கு ரோல் கொடுக்க மறந்திருந்தேன்.

சர்வர் உங்க கையில இருந்தா, ஜிஆர்பிசி-வெப்பை ஜிஆர்பிசியா மாத்துற மொழிபெயர்ப்புக்காக மட்டும் நடுவுல என்வாய்ங்கிற புரோக்ஸியை (இடையில நிக்கிற சர்வரை) நட்டுவெக்காதீங்க. டோனிக்-வெப் (ரஸ்ட்டோட ஜிஆர்பிசி லைப்ரரியான டோனிக்கோட துணை) லேயரை சர்வர்லயே போட்டா முடிஞ்சுது. சர்வர் ஸ்ட்ரீமிங், அதாவது ஒரு கேள்விக்கு சர்வர் தொடர்ந்து பல பதில் அனுப்புறது, ஓடும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஸ்ட்ரீம் வேணும்னா வெப்சாக்கெட்டுக்குப் போயிடுங்க, மல்லுக்கட்டாதீங்க.

புது புராஜெக்ட்னா நான் கனெக்ட் புரோட்டோகாலைத்தான் எடுப்பேன். அதே புரோட்டோ ஃபைல். ஆனா ஸ்ட்ரீம் இல்லாத கால் எல்லாம் சாதாரண போஸ்ட், வேணும்னா ஜேசன்லயே. அனுமதி இல்லைன்னா 403ன்னு டேப்ல சிவப்பா நிக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்திருந்தா திங்கட்கிழமையே ரோலைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.