ஆர்.சி. பள்ளிகளில் சிறப்புக் கல்வி: ஜூன் மாதமே எழுதி வைக்க வேண்டிய ஒரு தாள்

16 வருடமாக ஓர் அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கடற்கரை ஊர். பள்ளியின் பெயர் வேண்டாம், ஏனென்றால் இதைப் படிக்கிற பல ஆசிரியர்களுக்கு இது தங்கள் பள்ளி மாதிரியே தெரியும்.

சில வருடம் முன்பு ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடுவான். ஒருநாள் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்று தங்குதடையில்லாமல் வாசித்தான், நானும் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் கவனித்தேன், வாய் முதல் பத்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, விரல் மூன்றாம் பத்தியில் நகர்ந்துகொண்டிருக்கிறது. முந்தின நாள் இன்னொரு பையன் வாசித்ததைக் காதால் கேட்டே அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறான்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளில் 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். 'கெ' என்றான், கொஞ்சம் நின்றான், 'கெடி' என்றான். 'கோழி' என்று எழுதினேன், 'கேழி' என்றான். இதை நாம் யோசித்துப் பார்ப்பதே இல்லை. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம், துணைக்கால் வலப்பக்கம், நடுவில் 'க'. கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியதோ நடுவில் இருப்பதை, அப்புறம் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பிரிந்து கிடப்பதைச் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். பழகிய நமக்கு அது ஒரு நொடி. அந்தப் பையனுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு கணக்கு. வியர்த்துப் போய் நின்றான்.

அவன் கோயிலில் பீடச் சிறுவன், பூசையில் குருவுக்கு உதவுகிறவன். விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் விடாமல் சொல்வான். அவன் அம்மாவை வரச் சொன்னேன். "டீச்சர், செபமெல்லாம் தலைகீழாச் சொல்றான், புத்தகத்த எடுத்தா மட்டும் வயிறு வலிக்குதுங்கான். சோம்பேறித்தனம்னு அவங்க அப்பா அடிக்காங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

இத்தனைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை அவன் படித்தது எங்கள் வளாகத்திலேயே உள்ள தொடக்கப் பள்ளியில். ஐந்து வருடமும் யாரும் அவனிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. வாசிக்கச் சொல்லிச் சங்கடப்படுத்தவில்லை, சிஸ்டர் நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார், பரீட்சை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைப் படித்துக் காட்டிய டீச்சர்கூட உண்டு. ஆனால் இந்தப் பையனுக்கு என்ன வரவில்லை, எதைச் செய்து பார்த்தோம், எது பலித்தது என்று ஒரு வரிகூட ஒரு தாளிலும் இல்லை. இருந்ததெல்லாம் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் ஒரு பெயர். அந்தச் சொல்லையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. கண் பார்வை குறைவான பிள்ளை, காது மந்தமான பிள்ளை, டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை, ராத்திரி மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வகுப்பில் தூங்குகிற பிள்ளை, எல்லாரையும் அந்த ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் இரக்கத்துக்குக் குறைவில்லை. இரக்கம் இருப்பதாலேயே திட்டம் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். அந்த டீச்சர் மாறுதலாகிப் போனால், அந்த சிஸ்டருக்கு வேறு மடத்துக்கு ஆர்டர் வந்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த எல்லாமே அவர்களோடு போய்விடுகிறது.

"நாம சிறுபான்மைப் பள்ளி, நமக்கு அந்தச் சட்டமெல்லாம் வராது" என்று கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது, சரி. அந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025-இல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய வழக்கில் இரண்டு நீதிபதிகள் சொன்னதும் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் பிரமதி தீர்ப்பு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைப் பற்றியதே இல்லை. 2016-இல் வந்த அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி தருகிற அல்லது அங்கீகாரம் தருகிற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்வதையும், பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட உதவியைத் தருவதையும், கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பதையும் உறுதிப்படுத்த அரசு முயல வேண்டும் என்கிறது. அங்கீகாரம் வாங்காத ஆர்.சி. பள்ளி எது? அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு நம் பள்ளிகளை நாமே நடத்திக்கொள்ளத் தந்த உரிமை. கஷ்டப்படுகிற பிள்ளையைத் தள்ளி வைக்க அதைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

சட்டத்தை விடுங்கள், நம் திருச்சபையின் சொந்த வரலாற்றையே பாருங்கள். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியாது என்று உலகம் நம்பிய 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பேத்ரோ போன்ஸே தெ லெயோன் ஒரு பெனடிக்ட் சபைத் துறவி. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சைகை வழியாக அவர்களுக்குப் பள்ளி நடத்திய சார்ல் மிஷேல் தெ லெப்பே ஒரு குரு. நம் சென்னையிலேயே லிட்டில் ஃபிளவர் கான்வென்டில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், திருச்சபை அக்கறை காட்ட வேண்டிய பள்ளிகளில், தனிக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கான பள்ளிகளும் இடம்பெறுகின்றன. ஆக, சிறப்புப் பள்ளி நடத்த நமக்குத் தெரியும். சாதாரணப் பள்ளியின் 45 பேர் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன செய்வது என்பதில்தான் கையைப் பிசைகிறோம்.

எங்கள் அனுபவத்தில் எல்லாம் தொடங்குவது பத்தாம் வகுப்பில். ரிசல்ட் நூறு சதவீதம் வர வேண்டும், அதனால் அப்போதுதான் பிள்ளை கண்ணில் படுகிறது. சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பு முடிகிறபோதே பெற்றோரைக் கூப்பிட்டு "வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லி டிசி கொடுப்பதும் நடக்கிறது, இது பாவம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். நல்ல மனசுள்ள பள்ளியாக இருந்தால் சலுகைக்கு விண்ணப்பிக்க அலைகிறார்கள். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு இதெல்லாம் அரசுத் தேர்வில் உண்டு, அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதிலேயே மதிப்பீடு செய்து சான்று வாங்கலாம், 14 வயதில் மறுபடி பார்க்க வேண்டும். நாம் 15 வயதில் ஓடுகிறோம்.

எழுதுபவர் கிடைத்தாலும் அதோடு முடியாது. ஒரு வகுப்புத் தேர்வில்கூட வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகாத பிள்ளை, முன்பின் பார்த்திராத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை. "அடுத்த வரிக்குப் போங்க", "இதுக்கு ஒரு தலைப்பு போடுங்க" என்று சொல்வதெல்லாம் ஒரு திறமை, அது ஆறாம் வகுப்பிலிருந்து பழக வேண்டியது. அதேபோல மொழிப்பாட விலக்கு. தமிழ் ஆசிரியையாகச் சொல்கிறேன், விலக்கு என்பது தேர்வுக்குத்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட அது அனுமதி இல்லை. பஸ்ஸில் ஊர் பெயர் படிக்க வேண்டாமா அவனுக்கு?

சரி, என்ன செய்யலாம்? ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். சிறப்பாசிரியர்கள் இதைத் தனிநபர் கல்வித் திட்டம் என்பார்கள், பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இப்போது அவனால் என்ன முடிகிறது, டிசம்பருக்குள் எதை எட்ட வேண்டும், வாரத்தில் எந்த எந்தப் பிரியடில் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, வகுப்பில் மற்ற ஆசிரியர்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும், பெற்றோரோடு அடுத்து எந்தத் தேதியில் பேசுவது. இவ்வளவுதான். முக்கியம், அதில் ஓர் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும், டைம்டேபிள் போடுகிற ஜூன் மாதமே அந்தப் பிரியட் அதில் ஏறியிருக்க வேண்டும். 'நேரம் கிடைக்கும்போது' என்று எழுதினால் நேரம் கிடைக்காது.

அந்தப் பையனுக்கு நாங்கள் எழுதிய முதல் தாளில் 'வாசிப்பை மேம்படுத்துதல்' என்று போட்டிருந்தோம். அரசின் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியை அதை அடித்துவிட்டு, 'கொம்பும் காலும் சேர்ந்து வருகிற 20 சொற்களை உதவியில்லாமல் வாசிப்பான், தீபாவளிக்குள்' என்று எழுதினார். எனக்கு அன்றைக்குத்தான் திட்டம் என்றால் என்னவென்று புரிந்தது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிச் சொல்ல வைத்தோம், கொம்பு சிவப்பு, கால் நீலம். தீபாவளிக்கு 14 சொல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு 20-உம் வந்தது.

அந்தச் சிறப்பாசிரியை மாதம் இரண்டு முறைதான் வர முடிந்தது, அவர் பார்க்க வேண்டிய பள்ளிகள் அத்தனை. குற்றம் சொல்லவில்லை. 2021-இல், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் பக்கத்தில் அது இன்னும் எட்டாத தூரம்தான். உதவி பெறும் பள்ளிக்கு அப்படி ஒரு பணியிடம் எப்போது வரும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும்.

ஆனால் மறைமாவட்டம் நினைத்தால் முடியும். ஒரு மறைவட்டத்தில், அதாவது மறைமாவட்டத்தின் ஒரு பகுதியில், உள்ள நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறப்பாசிரியரை வைத்துக்கொள்ளலாம், நாளுக்கு ஒரு பள்ளி, ஐந்தாம் நாள் பெற்றோருக்கு. சம்பளத்தை நான்காகப் பிரித்தால் ஒரு பள்ளிக்கு வருவது பொன்விழா வளைவுக்கும் மேடைக்கும் செலவு செய்ததைவிட அதிகமாக இருக்காது. பழைய மாணவர்கள் கேட்டால் தருவார்கள், இதுவரை நாம் அவர்களிடம் கேட்டது கட்டடத்துக்கு மட்டும்தான்.

ஜூனில் தாளாளர் ஃபாதர் கூப்பிடுகிற முதல் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். வேண்டுகோளாக இல்லை, கையில் ஐந்து தாளோடு. ஐந்து பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கிறது, பிரியடும் குறித்திருக்கிறேன். எந்த ஆசிரியர் என்ற இடத்தில் மூன்று தாளில் என் பெயரை எழுதிவிட்டேன். மற்ற இரண்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.