ராமேஸ்வரம் வருகிறவர்களே, ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

ராமநாதபுரத்தில் வீடு என்பதால் வருஷத்துக்கு நாலு குடும்பமாவது எங்களிடம் தங்கி ராமேஸ்வரம் போகும். திட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். விடியற்காலை அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், மதியம் தனுஷ்கோடி, பாம்பன் பாலத்தில் போட்டோ, இரவே ஊர் திரும்பிவிடுவது. போன மாதம் வந்த சித்தப்பா குடும்பமும் அப்படித்தான். தலை ஈரம் காய்வதற்குள் வேனில் ஏறிவிட்டார்கள். மூன்றாம் பிராகாரத்தை நின்று பார்க்கக்கூட நேரமில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

சேது யாத்திரை என்று நம் பெரியவர்கள் சொன்னது இதையா? உப்பூரில் கூரையில்லாமல் வெயிலில் இருக்கும் வெயிலுகந்த பிள்ளையாரிடம் தொடங்கி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, அப்புறம்தான் ராமேஸ்வரம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமர் நட்ட நவக்கிரகங்கள் என்பது ஐதீகம். செதுக்கிய சிலைகள் இல்லை, வெறும் கல்தான். தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் தலை மட்டும் தெரியும். ஜனங்கள் நவதானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வருவார்கள். அங்கே அரை மணி நேரம் சும்மா நின்றாலே மனசு அடங்கிவிடும்.

திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் படுத்த ராமரைச் சேவித்து, பாயசப் பிரசாதம் வாங்கிக்கொண்டு சேதுக்கரைக்குப் போனால், கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். பக்கத்தில்தான் உத்தரகோசமங்கை. அங்கே மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரைக்குத்தான் காப்பு களைந்த திருமேனியைப் பார்க்க முடியும். ஏர்வாடி தர்காவும் இதே கரையில்தான். அங்கே நடக்கும் சந்தனக்கூடு திருவிழாவுக்கு எங்கள் தெருவிலிருந்து எல்லா மதத்தாரும் போவோம்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களுக்கு அந்தப் பெயரே, ராமர் கட்டியதாகச் சொல்லும் பாலமான சேதுவைக் காத்ததால் வந்தது. யாத்திரைக்காரர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போக வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். தங்கிப் போகவென்று அமைந்த வழியில் நாம் பறக்கிறோம்.

தனுஷ்கோடியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரே போனது, பயணிகளோடு ரயிலே போனது. அந்த இடிந்த தேவாலயச் சுவரில் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள். அது சாவு விழுந்த இடம். இன்றும் அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே, மணலில் சின்னக் குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். ஒரு பாட்டி சிரட்டையில் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒரு சிரட்டை தந்தார். துளி உப்பு இல்லை. சங்கு, சிப்பி மாலை வாங்குவதென்றால் அவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்த்து இரண்டு நாளாக வாருங்கள். அடுத்த மாதம் என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். வேனை முதலில் உப்பூரில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு, ராமேஸ்வரம் மறுநாள்தான்.