மெமோ எனக்கா, அந்தக் காலி பாட்டிலுக்கா?

நோயாளியைத் தொடும் முன் கிருமிநாசினி போட்டுக் கையைத் தேய்க்கவில்லை என்று நர்ஸான எனக்கு மெமோ. சரி, தேய்க்கவில்லைதான். ஒத்துக்கொள்கிறேன்.

காலை ஆறரை. 12ஆம் படுக்கை அம்மாவுக்கு நெபுலைசர் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 11ஆம் படுக்கைத் தாத்தா, கையில் மருந்து ஏற்றப் போட்டிருந்த கேனுலாக் குழாயைப் பிடுங்கிவிட்டார், போர்வையெல்லாம் ரத்தம். ஓடினேன். ஓடும்போதே கை தானாகச் சுவரில் இருக்கும் ஹேண்ட் ரப், அதாவது கையில் தேய்க்கும் கிருமிநாசினி, பாட்டிலுக்குப் போனது. அமுக்கினேன், காற்று. மறுபடி அமுக்கினேன், காற்று. மூடியைத் திருகிப் பார்த்தால் சொட்டு இல்லை. அடுத்த பாட்டில் 18ஆம் படுக்கையருகே. வாஷ்பேசினோ வார்டின் கடைக்கோடியில். கையுறையை மாட்டி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். கையுறை கை கழுவுவதற்கு மாற்று இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் தாத்தாவை விட்டுவிட்டுக் கோடிக்கு ஓட முடியுமா? அந்த நேரம் பார்த்து இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் வந்தார், படிவத்தில் என் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார், போய்விட்டார். பாட்டில் காலி என்று குறிக்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை! இன்டென்ட் புத்தகத்தில் மூன்று நாளாக ஹேண்ட் ரப் கேட்டு எழுதியிருக்கிறோம். ஸ்டோருக்கு யார் மெமோ கொடுப்பது?

நள்ளிரவிலேயே என்கூட இருந்த சிஸ்டரை ஐ.சி.யு.வுக்கு இழுத்துக்கொண்டார்கள். 24 பேருக்கு நான் ஒருத்தி. தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தொட்ட பின்னால் ஒரு தடவை, தடவைக்கு 20 நொடி என்றாலே ஒரு ரவுண்டுக்கு 16 நிமிடம். அந்த 16 நிமிடத்தை மனசார கொடுப்பேன். டியூட்டி லிஸ்ட் போடுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்த்தார்களா? இன்சுலினை இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஒருத்தி மட்டும் இருக்கும் வார்டில் இரண்டாவது கையெழுத்துக்கு யாரிடம் போவேன்?

போன மாதம் ஒரு ஜூனியர் பெண், மருந்து மாறிப்போகவிருந்ததைக் கடைசி நொடியில் கவனித்துவிட்டு, தானாக வந்து சொன்னாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார்கள். அதற்கப்புறம், நடந்த தவறுகளை எழுதிவைக்கும் இன்சிடென்ட் புத்தகத்தில் ஒரு வரி விழவில்லை. மீட்டிங்கில் அதற்குப் பாராட்டு வேறு! தவறு குறையவில்லை ஐயா, வாய் மூடிக்கொண்டது.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கை கழுவச் சொன்னதும் பிரசவ வார்டில் சாவு சுமார் 18 சதவீதத்திலிருந்து 2க்கு இறங்கியதை எல்லா வகுப்பிலும் எங்களுக்குச் சொல்கிறார்கள். அவர் வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. குளோரின் கரைசலை வார்டிலேயே வைத்துவிட்டுத்தான் கழுவச் சொன்னார். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இரண்டு நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். இன்றும் நைட் டியூட்டி. அப்புறம், எங்கள் டியூட்டி ரூம் பாத்ரூம் கதவுக்கு எட்டு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அதையும் விளக்கத்தில் எழுதப் போகிறேன்.