தண்ணீர் மேல் குடித்தனம், தண்ணீருக்கே அலைச்சல்

எங்கள் வீட்டில் வாரந்தோறும் நடக்கும் சண்டைக்குக் காரணம் பணமும் இல்லை, மாமியாரும் இல்லை. ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. லண்டன் கால்வாய்களில் நேரோபோட் என்னும் ஒடுங்கிய இரும்புப் படகுகளில் எங்களைப் போலக் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கழிப்பறை இருக்கைக்கு அடியில் செருகப்பட்டிருக்கும் அந்தக் கழிவுப் பெட்டி (கேசட் என்பார்கள்) நிரம்பியதும் சிவப்பு விளக்கு எரியும். எரிந்துவிட்டால், மழையானாலும் பனியானாலும், யாராவது ஒருவர் அதை வெளியே இழுத்து, கைவண்டியில் வைத்துக் கட்டி, ஓட்டப் பயிற்சிக்காரர்களும் மிதிவண்டிக்காரர்களும் விலகிச் செல்லும் கரைப்பாதையில் கழிவு கொட்டும் இடம் வரை உருட்டிக்கொண்டு போய், மூச்சை அடக்கிக்கொண்டு கவிழ்த்து, இரண்டு மூன்று முறை அலசி, நீல மருந்தை ஊற்றித் திரும்ப வேண்டும். அந்த 'யாராவது ஒருவர்' யார் என்பதில்தான் சண்டை. என் கணவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கூட்டம் முடித்துவிட்டு வந்து இந்த வேலையைச் செய்கிறார் என்பது ஊரில் இருக்கும் என் அத்தைக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறி வந்து எங்கள் இருவரையும் கையோடு அழைத்துப் போய்விடுவார்.

ஒருநாள் இரவு, உதிரிப் பெட்டியும் நிரம்பிவிட்ட நிலையில், இரண்டையும் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கதவில் 'பயன்பாட்டில் இல்லை' என்ற தாள் தொங்குகிறது. எப்போது சரியாகும் என்ற ஒரு வரி இல்லை. அடுத்த இடம் மைல் கணக்கில் தள்ளி இருக்கிறது. ஆண்டு முழுமைக்கும் உரிமக் கட்டணம் செலுத்திவிட்டு, சொந்தக் கழிவைக் கொட்ட இடம் கேட்டு இருட்டில் நிற்கும் நிலையை எந்த யூடியூப் காணொளியிலாவது யாராவது காட்டியிருக்கிறார்களா? காட்ட மாட்டார்கள். முன்தளத்தில் காப்பிக் கோப்பை, பக்கத்தில் வாத்துக் குஞ்சுகள், பின்னணியில் கிட்டார் இசை என்று பத்து நிமிடம் ஓட்டுவார்கள். அந்தக் காப்பிக்கான தண்ணீர் எங்கிருந்து வந்தது, குடித்தபின் அது எங்கே போனது என்ற இரண்டு கேள்விகளையும் எழாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர்களுடைய தொழில் நேர்த்தி இருக்கிறது.

என் ஆத்திரமெல்லாம் இதில்தான். ஒரு நகராட்சியும் மின்வாரியமும் எரிவாயு நிறுவனமும் சேர்ந்து செய்யும் வேலைகள் அத்தனையையும் வேலைக்குப் போகும் இரண்டு பேரின் தலையில் கட்டிவிட்டு, அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். வாடகை மிச்சம் என்பது உண்மைதான். லண்டனில் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் வாடகை எங்கள் இருவரில் ஒருவருடைய சம்பளத்தை ஏறக்குறைய முழுமையாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மிச்சமான அந்தப் பணத்திற்கு ஈடாக எங்கள் மாலை நேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் முதுகெலும்புகளும் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை விற்றவரும் சொல்லவில்லை, வாங்கத் தூண்டியவர்களும் சொல்லவில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தண்ணீர்தான்; ஒரு சொட்டு வாயில் வைக்க முடியாது. படகின் முனையிலுள்ள தொட்டி தீர்ந்துவிட்டால், குழாய் இருக்கும் இடத்திற்கு வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். அங்கே குறைந்தபட்சம் குடத்தைத்தான் தூக்கிக்கொண்டு போனோம், வீட்டை விட்டுவிட்டுப் போனோம். இங்கே கயிற்றை அவிழ்த்து, எஞ்சினை முடுக்கி, கட்டிலும் கரண்டியும் சாமி படமும் கூடவே வர, மெதுவாகப் போய், முன்னால் நிற்கும் படகு நிரப்பி முடிக்கும்வரை காத்திருந்து, நம் முறை வந்ததும் குழாயைச் செருகி, அது ஒல்லியாக ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்திற்கு மேல் நிற்க வேண்டும். கடுங்குளிர் நாட்களில் அந்தக் குழாயே உறைந்துபோய் நிற்கும். அரிசியை மூன்று தண்ணீரில் கழுவும் வழக்கத்தை நான் இரண்டாகக் குறைத்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மின்சாரத்தின் கதை இதைவிட மோசம். படகின் கூரையில் சூரிய ஒளிப் பலகைகள் பளபளக்கின்றன. கோடையில் அவை நன்றாகவே உழைக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் டிசம்பரில் லண்டனின் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். அந்த எட்டு மணி நேரமும் வானம் அழுக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். ஆகவே எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்ய வேண்டும். பிற படகுகள் அருகில் இருந்தால் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இதற்காக எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது விதி. அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும் என்பதற்காக வந்த நியாயமான விதிதான். எனக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் நாங்கள் இருவரும் வேலையிலிருந்து வந்து சேர்வதே ஏழு மணிக்கு. ஏழிலிருந்து எட்டுக்குள் ஒரு குடும்பத்திற்கான மின்சாரத்தைத் தயாரித்து முடித்துவிட வேண்டும் என்றால் எப்படி? இந்த நிலையில் 750 வாட் மிக்சியைப் போட்டால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 60 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். தேங்காய்ச் சட்னிக்கு ஒரு சுற்று விட்டதும் இன்வர்ட்டர் வீறிடுகிறது, குளிர்பெட்டி அணைகிறது, கணவர் அளவுமானியைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கிறார். ஈய பேட்டரிகள் பாதிக்குக் கீழே இறங்கினால் அவற்றின் ஆயுள் குறையுமாம். 'போன வருடம்தான் மாற்றினேன்' என்று விற்றவர் கைகுலுக்கிச் சொன்ன பேட்டரிகள் அவை. எந்த வருடத்தை மனதில் வைத்துச் சொன்னார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

இவற்றுக்கு நடுவே சட்டம். கால்வாயில் நிரந்தரமான கட்டுமிடம், அதாவது படகை நிலையாகக் கட்டிவைக்கத் தனக்கென்று ஓர் இடம், இல்லாத படகுகள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிகள் சட்டம். நெரிசலான சில இடங்களில் 7 நாட்களே. நிரந்தரக் கட்டுமிடம் ஒன்றை லண்டனுக்குள் பிடிப்பதற்கு ஆகும் செலவைக் கேட்டால், பழைய வாடகை வீட்டிற்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். அப்படிக் கட்டுமிடம் இல்லாதவர்களின் உரிமத்திற்கு 2024 ஏப்ரல் முதல் கூடுதல் கட்டணம் வேறு வந்துவிட்டது. 5 சதவீதத்தில் தொடங்கி 2028இல் 25 சதவீதத்தைத் தொடும்படி ஏற்றுகிறார்கள். இடமில்லாதவனிடம் இடமில்லாமைக்காகவே அதிகம் வாங்கும் இந்தக் கணக்கை எனக்கு யாராவது பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரண்டு வாரத்திற்கொருமுறை வீடு நகர்கிறது, அலுவலகம் நகர்வதில்லை. ஹாக்னியில் இருக்கும்போது அரை மணி நேரத்தில் வேலைக்குப் போய்விடுவேன். லீ ஆற்றில் வடக்கே ஏறி நகருக்கு வெளியே பிராக்ஸ்பர்ன் பக்கம் போய்விட்டால் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்ப வேண்டும். நகர்வதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும், ஏனென்றால் கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். வழியில் லாக் எனப்படும் நீர் மதகுகள் (நீரை நிரப்பியும் வடித்தும் படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்கும் தொட்டிகள்) வந்தால் அதுவும் இல்லை. ஒருவர் இரும்புக் கைப்பிடியால் மதகைச் சுற்றித் திறக்க, மற்றவர் படகை உள்ளே நிறுத்திப் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பகுதி உள்ளிருக்கும் கல்படியில் மாட்டிக்கொண்டால் படகே சாய்ந்து மூழ்கிவிடும் என்பதால், நான் மேலே நின்றும் அவர் கீழே இருந்தும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொள்கிறோம். புதியவர்கள் என்று தெரிந்ததும் கரையில் கூட்டம் கூடிவிடும். ஆலோசனை சொல்லாத ஆளே கிடையாது. கதவைத் தள்ள ஒரு கை கொடுப்பவர் அரிது.

மேற்கே, நம் நாட்டவர் நிறைய வாழும் சவுத்தால் பக்கம் போனபோது நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். திடீரென்று எஞ்சின் திணறியது, படகு இம்மியும் நகரவில்லை. படகைத் தள்ளும் சுழலியில் ஏதோ சிக்கிவிட்டது. எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, பின்தளத்துப் பலகையைத் தூக்கி, சுழலிக்கு மேலிருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி, உறையும் கறுப்புத் தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். என் கணவர் படுத்துக்கொண்டு துழாவினார். நான் காய்கறிக் கத்தியை நீட்டினேன். துண்டு துண்டாக வெளியே வந்தது, சரிகை வைத்த ஒரு நைலான் புடவை. சுற்றிலும் பூஜை முடித்து நீரில் விடப்பட்ட தேங்காய்கள் மிதந்துகொண்டிருந்தன. அந்தப் பகுதிக் கால்வாயில் தேங்காய் மிதப்பது பழைய படகுக்காரர்களுக்கு வழக்கமான காட்சிதானாம். நம்மவர் பக்தியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் புடவையையாவது வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தாயே! கையெல்லாம் நீலம் பாய்ந்து அவர் எழுந்தபோது, எங்கள் இருவர் வாயிலிருந்தும் வந்த சொற்களை இங்கே எழுத இயலாது.

குளிர்காலத்தில் படகின் இரும்புச் சுவர் நம் மூச்சையே நீராக்கி நம் தலையில் சொட்டும். நம் சமையலோ முழுக்க ஆவி: குக்கர் மூன்று விசில் விட்டால் ஜன்னல் கண்ணாடியில் அருவி ஓடும், மிளகாய் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அன்றே என் பட்டுப் புடவைகளை ஹாரோவில் இருக்கும் தோழியின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஈரத்திற்கு மருந்து, கரி அடுப்பை விடாமல் எரிப்பது. அதற்குக் கரி மூட்டையைச் சேற்றில் சுமந்து வர வேண்டும், சாம்பலை அள்ள வேண்டும், இரவில் அணையாமல் காற்றுத் துளையை அளந்து மூட வேண்டும். அணைந்துவிட்டால் விடியற்காலை நான்கு மணிக்கு யார் எழுந்து மூட்டுவது என்பது அடுத்த சண்டை. அந்த அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் இட்லி மாவு பொங்குகிறது என்பது ஒன்றே அதன் நற்குணம்.

சண்டை போட்டாலும் போக இடம் இல்லை. உள்ளகலம் ஏறத்தாழ ஆறடி. ஒருவர் நடக்க மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவது என்ற அடிப்படை உரிமையே இந்தக் குடித்தனத்தில் கிடையாது. கதவை அறைந்து சாத்தினால் படகு ஆடி, எனக்கே தலை சுற்றுகிறது. அந்த நேரம் பார்த்து எவராவது வேகமாகப் படகை ஓட்டிக்கொண்டு போவார். கரையில் அடித்திருக்கும் முளைகள் பிடுங்கிக்கொள்ள, சாம்பார் அடுப்பிலிருந்து தரைக்கு வர, சண்டையை அப்படியே நிறுத்திவிட்டு இருவரும் சுத்தியலோடு வெளியே ஓடுவோம். வங்கிக்கு முகவரி கொடுப்பது, பொருள் வாங்கினால் எங்கே வரவழைப்பது, கரையில் நடப்பவர்கள் நெற்றியை ஜன்னலில் ஒட்டிவைத்து நாங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது என்று இன்னும் எத்தனையோ உண்டு; அவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

'அவ்வளவு கஷ்டம் என்றால் விற்றுவிட வேண்டியதுதானே' என்று கேட்கிறார்கள். ஏன் விற்க வேண்டும்? சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கிய வீடு இது. அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு அடித்து, பாதுகாப்புச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. எனக்கு வேண்டியது இரக்கம் இல்லை. எடுத்ததற்கெல்லாம் 'எவ்வளவு அமைதியான வாழ்க்கை!' என்று பெருமூச்சு விடுவதை நிறுத்தினால் போதும். அடுத்த சனிக்கிழமை படகைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்: பூங்கொத்தும் ஒயினும் வேண்டாம். வரும்போது ஆளுக்கொரு மூட்டை புகையில்லாக் கரி தூக்கிக்கொண்டு வாருங்கள், போகும்போது ஆளுக்கொரு குப்பைப் பையை எடுத்துச் செல்லுங்கள். தயவுசெய்து ரயில் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள்.