இரண்டாம் தடவை படிக்க ஒரு கிறிஸ்தவ நாவல்

கிறிஸ்தவ நாவல் என்றதும் முடிவு முதலிலேயே தெரிந்துவிடும். குடிகாரர் திருந்துவார், நோயாளி சுகமடைவார், கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் இருக்கும். ஞாயிறு பாடசாலைக் காலத்தில் இவற்றை நானும் விரும்பிப் படித்தேன். ஆனால் ஒன்றைக்கூட மறுபடி எடுத்துப் படித்ததில்லை.

அமெரிக்க எழுத்தாளர் மரிலின் ரொபின்சனின் ‘கிலியட்’ அப்படியில்லை. 2004இல் வந்து, மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். படித்து முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

கதை சிறியது. 1956, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஜோன் ஏம்ஸ் என்ற 76 வயதுப் போதகருக்கு இருதய நோய். மகனுக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. அவன் வளரும்போது தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்து அவர் எழுதும் கடிதம்தான் முழு நாவலும்.

ஓர் இடம் மனதை விட்டுப் போகவேயில்லை. மின்னல் தாக்கி எரிந்த ஒரு தேவாலயத்தை ஊரார் சபை வேறுபாடு பார்க்காமல் கூடி, மழையில் நனைந்தபடி இடித்து அகற்றுகிறார்கள். பாழான வேதாகமங்களுக்கு ஒரு குழி, பாட்டுப் புத்தகங்களுக்கு இன்னொரு குழி. சிறுவன் ஏம்ஸுக்கு அப்பா கரி படிந்த கையால் ஒரு துண்டு ரொட்டி கொடுக்கிறார். வயதான பிறகும் அதை, ஆலயத்தில் அப்பம் பகிரும் திருவிருந்தாகவே ஏம்ஸ் நினைத்துக்கொள்கிறார். இதற்கு விளக்கவுரை எதுவும் இல்லை. மழையும் கரியும் ரொட்டியும் போதுமாக இருக்கின்றன. அழகான எழுத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, போதகரை ரொபின்சன் புனிதராக்கவில்லை. நண்பரின் மகன் ஜாக் ஊருக்குத் திரும்பியதும் ஏம்ஸுக்குள் சந்தேகமும் பொறாமையும் கிளம்புகின்றன. மன்னிப்பைப் பற்றி வாழ்நாளெல்லாம் பிரசங்கித்தவர், இந்த ஒருவனை மன்னிக்க முடியாமல் பக்கம் பக்கமாகத் திணறுகிறார். கடைசியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜாக்கின் நெற்றியில் கைவைத்து, “கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரசன்னமாக்கி, உனக்குச் சமாதானம் கட்டளையிடக்கடவர்” என்று வேதாகமத்தின் எண்ணாகமப் புத்தகத்திலுள்ள ஆசீர்வாதத்தைச் சொல்கிறார். ஆராதனை முடிவில், எழும்புகிற அவசரத்தில் நாம் அரைகுறையாகக் கேட்கிற அதே வார்த்தைகள். அந்தப் பக்கத்தில் அழுதுவிட்டேன்.

இப்படியொன்று தமிழில், இங்கிருந்து வரவேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். திருகோணமலைக்கு நாவல் புதிதில்லையே. ஈழத்தின் ஆரம்பத் தமிழ் நாவல்களில் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’யை 1891இல் வெளியிட்ட இன்னாசித்தம்பி இந்த ஊர்க்காரர். 1895இல் ‘மோகனாங்கி’ எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் அப்படியே. யுத்தத்திலும் சுனாமியிலும் சவ அடக்கம் செய்து, அகதிகளுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்ட போதகர்களும் குருமாரும் இந்தக் கரையில் எத்தனை பேர்! அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்?

உங்கள் வீட்டில் அப்பப்பாவின் பிரசங்கக் கொப்பியோ நாட்குறிப்போ கிடந்தால், பழைய கடதாசியோடு போட்டுவிடாதீர்கள். நாவலைப் படிக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், என் பிரதியைத் தருகிறேன்.