ஜாக் லேட்டனுக்கு முன்னால் ஒருவர் இருந்தார்

கனடா அரசியல் என்றால் நம் முகநூலில் பேச்சு ட்ரூடோவைத் தாண்டாது. கொஞ்சம் விவரமானவர்கள் அங்குள்ள இடதுசாரிக் கட்சியான புதிய ஜனநாயகக் கட்சி வரை வருவார்கள். அவர்களும் கதையை ஜாக் லேட்டனிடமிருந்துதான் தொடங்குவார்கள். 2011 நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு 103 இடம் பிடித்துக் கொடுத்த தலைவர், மறுப்பதற்கில்லை. ஆனால் 2003இல் அவர் வருவதற்கு முன் அந்தத் தலைவர் நாற்காலியில் இருந்த அலெக்சா மெக்டொனோ பற்றி யாரும் வாயே திறப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

அப்படியே பேசினாலும் கழிப்பறைக் கதைதான். 1981இல் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் போனபோது அங்கே அவர் ஒருவர்தான் பெண். உறுப்பினர்களுக்கான கழிப்பறை ஆண்களுக்கு மட்டும். இவர் சுற்றுலா வந்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் அதே அவையில் அவருடைய கட்சிக்கும் அவர் ஒருவர்தான் உறுப்பினர் என்பதை விட்டுவிடுகிறார்கள். பட்ஜெட், மருத்துவமனை, மீன்பிடி, நிலக்கரி என்று எது வந்தாலும் அந்தக் கட்சி சார்பில் எழுந்து பேச வேறு ஆள் கிடையாது. மூன்று வருடம் அப்படியே ஓட்டினார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கட்சிக்கு அதுவரை பலம் அதே மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவுச் சுரங்கத் தொழிலாளிகள். 1980இல் அந்தப் பகுதி உறுப்பினர்கள் இருவரைத் தோற்கடித்துத்தான் இவர் கட்சியின் மாகாணத் தலைவரானார். இவரோ மாகாணத் தலைநகரான ஹாலிஃபாக்ஸ்காரர், சமூகப் பணியாளர், அப்பா செங்கல் கம்பெனி முதலாளி. (அந்த அப்பாவே கட்சியின் முன்னோடியான சி.சி.எஃப்.பில் ஆய்வுப் பொறுப்பில் இருந்தவர் என்பது வேறு விஷயம்.) அதன் பிறகு கேப் பிரெட்டன் கட்சியின் கைவிட்டுப் போனது. அந்தக் குறையைச் சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை.

மாகாணத்திலிருந்து தேசிய அரசியலுக்குப் போவதை நாம் பதவி உயர்வு மாதிரி பார்க்கிறோம். அலெக்சா விஷயத்தில், டெல்லிக்குப் போனால் உயர்வு என்பதுபோல் கனடாத் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போனால் உயர்வு என்ற கணக்கெல்லாம் எடுபடாது. அவர் 1995இல் தேசியத் தலைவரானபோது கட்சிக்கு மொத்தம் 9 எம்.பி.க்கள். நாடாளுமன்றத்தில் கட்சி என்ற அங்கீகாரத்துக்கே 12 வேண்டும். அந்த நேரத்தில் லிபரல் அரசு வேலையில்லாதோர் காப்பீட்டில் கை வைத்தது. டொராண்டோவில் இருப்பவருக்கு அது பத்திரிகைச் செய்தி. அட்லாண்டிக் கரையில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்பவருக்கு, பருவம் முடிந்தால் அடுத்த பருவம் வரை அந்தப் பணத்தில்தான் அடுப்பெரிய வேண்டும். 14 வருடம் அந்த மாகாணத்து அரசியலில் ஊறியவருக்கு இதை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1997 தேர்தலில் நோவா ஸ்கோஷியாவின் 11 இடங்களில் லிபரலுக்கு ஒன்றுகூட இல்லை. இவர் கட்சிக்கு 6. பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கில் டக் யங் என்ற லிபரல் அமைச்சரே மண்ணைக் கவ்வினார். நாடு முழுக்க இவர் கட்சிக்கு 21 இடம்.

அப்புறம் சறுக்கல். 1999வாக்கில் கட்சியை நடுப்பாதைக்கு நகர்த்தப் பார்த்தார். தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் முறுக்கிக்கொண்டார்கள். 2000இல் 13 இடம். அது அவருடைய கணக்குப் பிழை என்றுதான் நினைக்கிறேன்.

தலைவர் பதவியை விட்டவர் வீட்டுக்குப் போகவில்லை. 2008 வரை சாதாரண எம்.பி.யாகவே இருந்தார். அவர் பதவியை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், 2002 செப்டம்பரில், மாஹெர் அரார் என்பவரை அமெரிக்க அதிகாரிகள் நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்துச் சிரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கனடியக் குடிமகன், பொறியாளர். அங்கே ஒரு வருடம் சிறை, சித்திரவதை. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பயங்கரவாதி என்று முத்திரை விழுந்த ஒருவர் பெயரைத் தொடவே அரசியல்வாதிகள் கூசிய காலம். அராரின் மனைவி மோனியா மஸீக்கோடு நின்று நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்தவர்களில் அலெக்சாவும் ஒருவர். விசாரணை ஆணையம் 2006இல் அரார் மேல் குற்றமில்லை என்றது. 2007 ஜனவரியில் அரசு மன்னிப்புக் கேட்டு 1.05 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. என்னைக் கேட்டால் அந்த 21 இடங்களை விட இதைத்தான் முதலில் வைப்பேன். இதற்கு ஒரு ஓட்டும் கூடுதலாக விழாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.