கைதட்டியவர்களிடம் நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை

நம் திரைப்பட வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலில் என்ன நடந்தது என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்; தெரியாதவர்களுக்குத் தங்கள் பக்கக் கதையைச் சொல்லிவைக்க ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். 'படம் பார்க்கும்போது நாலு பேர் கைதட்டினால் எழுந்து நின்று கத்துவதா' என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் கத்தவில்லை. "எதுக்குங்க கைதட்டுறீங்க?" என்று கேட்டேன். அரங்கம் சிறியது, என் குரல் பெரியது, அவ்வளவுதான்.

எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். எட்வர்ட் பெர்கர் இயக்கி 2022இல் வெளிவந்த, முதல் உலகப் போரைப் பற்றிய 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்தில், பவுல் என்ற ஜெர்மானிய இளைஞன் குண்டு விழுந்து உண்டான பள்ளத்துக்குள் ஒரு பிரெஞ்சுச் சிப்பாயோடு தனியாக மாட்டிக்கொள்கிறான். பயத்தில் அவனைக் கத்தியால் திரும்பத் திரும்பக் குத்துகிறான். நம் அரங்கில் முதல் குத்துக்கு விசில் வந்தது, அடுத்தடுத்த குத்துகளுக்குக் கைதட்டல் வந்தது. குத்துப்பட்டவன் உடனே சாகவில்லை. அவன் தொண்டையிலிருந்து வரும் சத்தத்தைத் தாங்க முடியாமல் பவுல் அவன் வாயில் சேற்றை அள்ளித் திணிக்கிறான். சற்று நேரத்தில் மனம் தாளாமல் அதே கையால் அந்தச் சேற்றை வழித்தெடுத்து, தண்ணீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அழுகிறான். அவன் மன்னிப்புக் கேட்ட இடத்தில் பின்வரிசையில் சிரித்தார்கள். நான் எழுந்தது அப்போதுதான், முதல் கைதட்டலிலேயே அல்ல என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

அது கைதட்டும் இடம் அல்ல. இதைச் சொல்வதற்கு உலக சினிமாவில் பட்டம் எதுவும் வாங்கியிருக்கத் தேவையில்லை. படம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம், தூங்கலாம், கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம். இவை எதற்கும் நான் இதுவரை யாரையும் கேள்வி கேட்டதில்லை. இரண்டரை மணி நேரம் சேறும் குளிரும் பசியும் எலியும் ஆக ஓடும் படத்தைச் சகித்துக்கொண்டு பார்க்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. ஆனால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கொன்றவனே தாங்க முடியாமல் அழுகிற கொலைக்கு விசில் அடிப்பது என்பது படத்தைப் பிடிக்காமல் போவதிலிருந்து முற்றிலும் வேறான காரியம்.

பதற்றத்தில் வருகிற சிரிப்பு அது, மனித இயல்பு என்று உளவியல் படித்த தோழி ஒருவர் விளக்கினார். இருக்கலாம். பதற்றத்தில் விசிலும் வருமா என்று கேட்டேன், அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

படம் முடிந்த பிறகு நடந்த கலந்துரையாடல்தான் உண்மையில் என்னை உலுக்கியது. 'கடைசியில் யாருக்குத்தான் வெற்றி?' என்பது முதல் கேள்வி. 'எதிரி யார் என்றே தெளிவாகக் காட்டவில்லை' என்பது இரண்டாவது. 'நாட்டுப்பற்று வரவே இல்லை' என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். வராது ஐயா. படத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைன்ரிஷ் என்ற பையன் சாகிறான். அவன் உடலிலிருந்து சீருடையைக் கழற்றி, மூட்டை கட்டி, ரத்தம் போகத் துவைத்து, ஓட்டைகளைத் தைத்து, புதிதாகப் பட்டாளத்துக்குச் சேருகிற பவுலின் கையில் கொடுக்கிறார்கள். கழுத்துப் பட்டையில் வேறொருவன் பெயர் இருக்கிறதே என்று அவன் கேட்கும்போது, அளவு சரியில்லாமல் போயிருக்கும் என்று சொல்லி அந்தப் பெயர்த்துண்டைக் கிழித்துக் கீழே போடுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் படம் தன் நியாயம் அனைத்தையும் சொல்லி முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஒருவர் நாட்டுப்பற்று வரும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார் என்றால் அவருடைய பொறுமையை நான் மெச்சுகிறேன்.

எரிக் மரியா ரெமார்க் 1929இல் வெளியிட்ட மூல நாவலில் ஒரு பகுதி உண்டு. விடுப்பில் ஊருக்கு வரும் பவுலைப் பெரிய மனிதர்கள் சூழ்ந்துகொண்டு, போர்முனையை எங்கே உடைக்க வேண்டும், எந்தெந்தப் பகுதிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுப்பார்கள். இந்தப் படம் அந்த விடுப்பை அப்படியே விட்டுவிட்டது. நாவலை நேசித்த ஜெர்மானிய விமர்சகர்கள் பலர் படத்தின் மீது கோபப்பட்டதற்கு, மூலத்திலிருந்து இவ்வளவு தூரம் விலகிப் போனதே பெரிய காரணம். எனக்கும் அந்தக் குறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கலந்துரையாடல் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. விடுபட்ட அத்தியாயத்தின் அத்தனை பாத்திரங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

'எங்கோ ஐரோப்பியர்கள் அடித்துக்கொண்ட சண்டை, நமக்கென்ன?' என்று கேட்டவருக்கு அங்கேயே பதில் சொன்னேன், அவர் நம்பவில்லை. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். படத்தில் காட்டப்படும் அதே மேற்கு முனையில், பிரான்சில் நவ் ஷாப்பல் என்ற இடத்தில் 1915 மார்ச்சில் நடந்த தாக்குதலில் இந்தியப் படைப்பிரிவுகள் முன்வரிசையில் நின்றன. கல்லறைகூடத் தெரியாமல் போன இந்தியர்கள் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நமக்கும் கொஞ்சம் தொடர்பு உண்டு.

என் பெரியப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். 1971 போரின்போது கிழக்குப் பகுதியில் இருந்தார். போரைப் பற்றிப் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும் முன்னாள் சிப்பாய்களைக் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். இவர் ஓயாமல் பேசுவார். உப்பில்லாத பருப்பைப் பற்றி, ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்கியதைப் பற்றி, ஈரம் காயாத காலுறையால் விரலிடுக்கில் வந்த புண்ணைப் பற்றி. தொலைக்காட்சியில் போர்ப்படம் போட்டால் ஆர்வமாக உட்கார்ந்து, "இவனுங்க எப்பதான்டா தூங்குறானுங்க?" என்று கேட்டுக்கொண்டே பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை திண்ணையில் வைத்து, "அண்ணே, நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?" என்று கேட்டார். "நான் அரிசி மூட்ட ஏத்திட்டுப் போனேன்யா" என்றார் பெரியப்பா. கேட்டவரின் முகம் தொங்கிப்போனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பெரியப்பா எம்ஜிஆர் படத்துக்கு விசில் அடித்தவர்தான். திரையரங்கில் சத்தமே கூடாது என்று சொல்லும் பரம்பரையில் நான் வரவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு 'மேட்டிமைத்தனம்' என்ற பட்டமும் இந்த வாரம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. இந்தப் படத்தில் பவுலும், காட் என்ற அவனுடைய மூத்த தோழனும் பண்ணையிலிருந்து வாத்து திருடித் தின்கிற காட்சியைப் பெரியப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அது சிரிக்கும் இடம். பின்னால் அதே பண்ணைக்கு முட்டை திருடப் போய்வரும்போது அந்தக் காட் என்பவனை ஒரு சிறுவன் சுட்டுவிடுகிறான். பீரங்கிக்கெல்லாம் தப்பிய மனிதன் ஒரு பண்ணைக்காரரின் பிள்ளை கையால் சாகிறான். அங்கே யாரும் கைதட்டவில்லை, நன்றி.

ஓர் எதிர்வாதம் மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஜேம்ஸ் ஃபிரெண்டின் ஒளிப்பதிவு அழுகலைக்கூட அழகாக்கிவிடுகிறது, பனிமூட்டத்தில் பிணங்களும் ஓவியம்போலத் தெரிகின்றன, போரை வெறுக்க வேண்டியவன் சட்டகத்தை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று இளைய நண்பர் ஒருவர் சொன்னார். போர் நிறுத்தம் அமலாவதற்குச் சற்று முன் ஜெர்மானியத் தளபதி கடைசித் தாக்குதலுக்கு ஆணையிடுவதும் நாவலில் இல்லாத கற்பனைதான். ஒப்பந்தம் 1918 நவம்பர் 11 அன்று அதிகாலையில் கையெழுத்தாகி, பகல் 11 மணிக்கு அமலுக்கு வருவதாக முடிவானது. இடைப்பட்ட அந்த மணிகளில் உண்மையிலேயே இரு தரப்பிலும் வீணாகச் செத்தவர்கள் நிறைய. அந்த உண்மை இருக்க, இப்படியொரு வில்லத் தளபதி தேவைதானா என்று நானும் யோசித்திருக்கிறேன். இவையெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். பேசுவதற்கு நான் நேரம் ஒதுக்கி வந்திருந்தேன். பேச்சு முழுவதும் 'நீங்கள் ஏன் எழுந்து நின்றீர்கள்' என்பதிலேயே கழிந்துவிட்டது.

இந்தக் கதையைத் தாங்க முடியாத பார்வையாளர்கள் முன்பும் இருந்தார்கள். 1930 டிசம்பரில், இதே நாவலின் அமெரிக்கப் படம் பெர்லினில் ஓடியபோது, நாஜித் தலைவர் கோயபல்ஸ் தன் ஆட்களோடு அரங்கத்துக்குள் புகுந்து நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டுக் காட்சியை நிறுத்தினார். சில நாட்களில் தணிக்கைக் குழு படத்துக்கே தடை போட்டது. உடனே 'எங்களை நாஜிகள் என்கிறானா?' என்று கிளம்பிவிடாதீர்கள். அவர்களுக்கு அந்தப் படம் புரிந்திருந்தது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

2025 மே மாதம் எல்லையில் மோதல் நடந்த அந்த நான்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். செய்தித் தொலைக்காட்சிகள் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கொலியைப் பின்னணி இசைபோல ஓடவிட்டு, அப்படிச் செய்ய வேண்டாம் என்று அரசே அறிவுறுத்த வேண்டியிருந்தது. அந்த நாட்களில் பூஞ்ச் பகுதியில் குண்டு வீச்சில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் சோறு பிசைந்துகொண்டு, அடுத்து எந்த ஊர் எரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் சிரித்த பையன்களுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவர்களைக்கூட நான் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டிருந்த என் வயதுக்காரர்கள்தான், அதிலும் என்னோடு சேர்ந்து இந்தத் திரைப்பட வட்டத்தைத் தொடங்கியவர்கள், இப்போது என்னைத் தனியாக அழைத்து 'விடுங்க, சின்னப் பசங்க, அடுத்த தடவை ஆள் வராது' என்கிறார்கள். ஆள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படங்களைப் போடுகிறோம் என்பது எனக்கு இவ்வளவு நாள் தெரியாமல் போய்விட்டது.

ஒருங்கிணைப்பாளர் நண்பர் கேட்டுக்கொண்ட வருத்தக் கடிதத்தை நான் எழுதப் போவதில்லை. அடுத்த மாதத்துக்கு 'எல்லோருக்கும் பிடித்த மாதிரி' ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்து என்னைத் தாராளமாக விடுவித்துவிடலாம். ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டாம், கட்டிய பணத்துக்கு வந்து உட்காருவேன். மறுபடியும் இப்படியொரு இடத்தில் விசில் அடித்தால் மறுபடியும் எழுந்து கேட்பேன். முன்வரிசை வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.